ஒன்றரைச் சுற்று

கதை எழுதுகிறவர்களுக்குக் கார்புரேட்டரைப் போல ஓர் உபகாரி வேறு கிடையாது. கதாநாயகியை மழையில் நனைய வைக்க வேண்டுமா, வில்லனின் காரை ஆள் அரவமில்லாத சாலையில் நிறுத்த வேண்டுமா, பெண் பார்க்கப் புறப்பட்டவர்களை வேறொரு வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்க வேண்டுமா? "கார்புரேட்டரில் அடைப்பு" என்று ஒரு வரி எழுதினால் போதும். டிரைவர் பானெட்டைத் தூக்குவான், எதையோ கழற்றுவான், வாயில் வைத்து ஊதுவான். அதற்குள் காதல் பிறந்துவிடும். எதை ஊதினான், ஊதினால் வண்டி ஏன் கிளம்பிற்று என்று எந்த வாசகரும் கடிதம் போட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எழுதியவர் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான்.

எனக்கு அதைத் தெரிந்துகொள்ள ஓர் அவசியம் ஏற்பட்டது. என்னிடம் 350 சி.சி. ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. 1992-ல் அப்பா வாங்கியது. என்ன வண்டி என்று சொல்ல வேண்டியதில்லை. தெருமுனையில் திரும்பும்போதே எங்கள் தெரு நாய்கள் அடையாளம் கண்டுகொண்டு குரைக்கும். அப்பா காலமான பிறகு அதை விற்றுவிட வேண்டும் என்று வீட்டில் மாதம் ஒருமுறை தீர்மானம் நிறைவேறுகிறது. நான் அதை அமல் செய்யாமல் நாளைக் கடத்தி வருகிறேன்.

போன வருஷம் அதற்கு ஒரு வியாதி வந்தது. நின்ற இடத்தில் எஞ்சின் ஒரே சீராக ஓடாமல் ஏறியும் இறங்கியும் துடிக்கும். ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் ஒரு கணம் நின்று யோசிக்கும். பிறகு திடீரென்று பாயும். வீட்டு வாசலில் இந்த யோசனை வந்தால் வேடிக்கை. பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே திரும்பும்போது வந்தால் வேடிக்கை அல்ல. கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள ஒரு பட்டறையில் விட்டேன். "பெட்ரோல் பத்தலை சார்" என்று சொல்லிப் பெரிய ஜெட் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். பில் நீளமாக வந்தது. விக்கல் அப்படியே இருந்தது. போதாக்குறைக்கு, மதுரை ரோட்டில் முழுக்க முறுக்கினால் பின்னால் வருகிறவர் முகத்தில் கரும்புகை அடிக்க ஆரம்பித்தது.

அப்புறம்தான் பாயிடம் போனேன். அவர் பெயரையும் தெருவையும் நான் சொல்லப் போவதில்லை. காரணம் போகப் போக விளங்கும். திண்டுக்கல்லில் அவரை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பூட்டுக்குப் பேர்போன ஊரில் சின்னத் துளைகளின் சூட்சுமம் தெரிந்தவர் இருப்பதில் ஆச்சரியமில்லை. அறுபத்தைந்து வயதிருக்கும். பழைய செய்தித்தாளை விரித்துக் கார்புரேட்டரைப் பிரித்துப் பரப்பினார். என்ன என்ன என்று நான் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் சொன்னதையும், வீட்டுக்கு வந்து நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எஞ்சின் என்பது ஒரு துருத்தி. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. அந்தக் காற்றோடு சரியான அளவு பெட்ரோலைக் கலந்து அனுப்புவதுதான் கார்புரேட்டரின் உத்தியோகம். சரியான அளவு என்பது, எடைக்கு எடை, 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. லிட்டர் கணக்கில் சொன்னால் மலைப்பாக இருக்கும்: 1 லிட்டர் பெட்ரோல் முழுசாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். நாம் ஊற்றுவதென்னவோ பெட்ரோல். வண்டி பெரும்பாலும் குடிப்பது காற்று. நிமிஷத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் என் வண்டி வினாடிக்கு 25 தடவை மூச்சு இழுக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம், லிட்டருக்கு 35 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மூச்சுக்குக் கிடைப்பது ஒரு மில்லிலிட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு பெட்ரோல். ஹோமியோபதி வைத்தியர்கூட இவ்வளவு சிக்கனமாகக் கொடுக்க மாட்டார்.

இதை அளந்து கொடுக்க அதற்கு மூளை கிடையாது, மின்சாரமும் கிடையாது. ஒரு குழாய் நடுவில் இடுப்புப் போலக் குறுகியிருக்கிறது, அவ்வளவுதான். மதகுக்குள் புகும் தண்ணீரைப் போல, குறுகலான இடத்தில் காற்று வேகம் எடுக்கும். வேகம் ஏறினால் அழுத்தம் குறையும். 1738-ல் பெர்னூலி என்ற சுவிஸ் மேதை எழுதி வைத்த சமாசாரம் இது. 1797-ல் வென்சுரி என்ற இத்தாலியர் குறுகிய குழாய்களை வைத்துப் பரிசோதித்துப் புத்தகம் போட்டார். அந்த இடுப்புக்கு இன்றும் அவர் பெயர்தான். அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் பெட்ரோல் துளையின் வாய் திறந்திருக்கிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வெளிக்காற்று அழுத்த, அது துளை வழியாக எழும்பித் தூறலாகக் காற்றில் கலக்கிறது. கொசு மருந்து அடிக்கிற கைப்பம்பைப் பார்த்திருப்பீர்கள். அதே வித்தை.

பெட்ரோலை இப்படித் தூறலாக விடும் முறையை 1893-ல் ஜெர்மனியில் மேபாக்கும், ஹங்கேரியில் பான்கி, சோங்கா என்ற இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் பெட்ரோலின் மேல் காற்றைத் தவழவிட்டு ஆவியை எடுத்தார்கள். அந்தக் காலத்தில், 1888-ல், பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி கணவரிடம் சொல்லாமல், அவர் செய்த காரில் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார். ஆகவே, நடுவழியில் அடைப்பு என்பது கதாசிரியர்களின் கற்பனை அல்ல; முதல் நெடும் பயணத்திலேயே நடந்திருக்கிறது.

இந்தக் கதையைச் சொன்னபோது பாய் ரசித்துக் கேட்டுவிட்டு, "அந்தம்மா குத்துனது குழாயை. ஜெட்டைக் குத்தியிருந்தா ஊரு போய்ச் சேந்திருக்காது" என்றார். ஜெட் என்பது திருகாணி மாதிரி ஒரு சிறு பித்தளைத் துண்டு. நடுவில் தலைமயிர் நுழைகிற துளை. மேலே ஓர் எண். அடைத்துக்கொண்டால் காற்றால் ஊத வேண்டும். கம்பியால் குத்தவே கூடாது. 1 மில்லிமீட்டர் துளை கம்பி பட்டு 1.1 ஆனால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். எண் அதேதான் இருக்கும்; சரக்கு வேறு. கதைகளில் டிரைவர் வாயால் ஊதினானே, அது சாஸ்திரப்படி சரிதான்.

கிண்ணத்தில் ஒரு மிதவை இருக்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்துதான்; பெட்ரோல் வேண்டிய மட்டத்துக்கு வந்ததும் வழியை அடைத்துவிடும். மட்டம் கொஞ்சம் உயர்ந்தால் பெட்ரோல் எழும்ப வேண்டிய தூரம் குறைந்து, எல்லா வேகத்திலும் பெட்ரோல் தூக்கலாகிவிடும். தாழ்ந்தால் காற்று தூக்கல். மிதவையை எடுத்துக் குலுக்கி, "உள்ள ஏதாச்சும் அலம்புதா பாருங்க" என்று என் காதருகே பிடித்தார். அலம்பவில்லை. ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்தால் மிதவை மூழ்கி, கிண்ணம் வழிய ஆரம்பித்துவிடுமாம். என் காதருகே ஏன் பிடித்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

சுவாரசியமான பகுதி இனிமேல்தான். நாம் கையால் முறுக்கும்போது கேபிள் பெட்ரோலைத் திறப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தூக்குவது காற்று வழியை மறைத்து நிற்கும் ஓர் உலோக உருளையை, ஸ்லைடு என்பார்கள். அதன் அடியில் ஓர் ஊசி தொங்குகிறது. கீழே போகப் போக மெலியும் ஊசி. ஸ்லைடு ஏற ஏற ஊசியும் எழுந்து, தான் அடைத்துக்கொண்டிருந்த துளையில் இடம் விடுகிறது. காற்று கூடும்போது பெட்ரோலும் கூட வேண்டுமே, அதற்காக.

ஆனால் ஊசி ஒன்றே எல்லா வேலையும் பார்ப்பதில்லை. பாய் சொன்ன மாதிரியே சொல்கிறேன்:

"ஒரு வீட்ல நாலு சமையக்காரன் சார். மொத முறுக்குல, எட்டுல ஒரு பங்கு வரைக்கும் ஸ்லோ ஜெட்டு. அதுக்கு மேல கால் பங்கு வரைக்கும், ஸ்லைடு அடில சாய்வா வெட்டியிருக்கு பாருங்க, இந்த வெட்டு. கால்லேருந்து முக்கால் வரைக்கும் ஊசி. முக்காலுக்கு மேல மெயின் ஜெட்டு. காலையில காப்பி போடுறவன் வேற, கல்யாணச் சமையல் பண்றவன் வேற. உங்களுக்குக் காப்பி சரியில்லை. கல்யாணச் சமையக்காரனை மாத்தி விட்டிருக்காங்க."

கண்ணாடிக் கதவுப் பட்டறையின் நீளமான பில்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கப் போவதில்லை.

எல்லைகள் கத்தியால் வெட்டினாற்போல இருப்பதில்லை. ஒருவர் கை ஓயும்போது அடுத்தவர் கை கூடும். ஆனாலும் எந்தக் கட்டத்தில் கோளாறு என்று தெரியாமல் ஒரு திருகாணியைத் தொடுவது பாவம் என்பது பாயின் சித்தாந்தம். ஆக்ஸிலேட்டர் கைப்பிடியில் வெள்ளை டேப்பைச் சுற்றிக் கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டார். சரியான துவாரத்தில் பழைய அளவு மெயின் ஜெட்டைப் போட்டு மூட்டினார். "பைபாஸ்ல போய் ஒவ்வொரு கோட்டுலயும் கொஞ்ச நேரம் நிறுத்தி ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார்.

"நீங்கள் ஓட்டிப் பார்க்கக் கூடாதா?" என்றேன்.

"நீங்க ஓட்டுங்க" என்றார்.

போய் வந்தேன். "கால் கோட்டுக்கு முன்னால் கொஞ்சம் சோர்வாக இருக்கிறது" என்றேன்.

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார் கதை எழுதுறவருன்னு சொன்னாங்க. சோர்வுன்னா என்னா சோர்வு? விக்குதா, இருமுதா, மூச்சு முட்டுதா?"

மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். விக்கல் என்றால், முறுக்கியதும் சக்தி ஒரு கணம் அறுந்து போய் மறுபடி வருவது, காற்று தூக்கல். இருமல் என்றால், கார்புரேட்டர் வாய் வழியாகவே 'தஃப்' என்று திருப்பித் துப்புவது. அதுவும் காற்று தூக்கல்தான், முற்றிய நிலை. மூச்சுமுட்டல் வேறு ஜாதி. சத்தம் மந்தமாகும், வண்டி கனக்கும், ஒரு வெடிப்பு விட்டு ஒரு வெடிப்பு விழும், பின்னால் கறுப்பாகப் புகை வரும். அது பெட்ரோல் தூக்கல். விக்கலுக்கும் மூச்சுமுட்டலுக்கும் வைத்தியம் நேர் எதிர். ஒன்றை மற்றொன்றாகச் சொல்லிவிட்டால் குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டி, கூட்ட வேண்டிய இடத்தில் குறைத்துவிடுவார்கள். பெட்ரோல் அதிகமானால் பணம்தான் நஷ்டம். முழு வேகத்தில் பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறி, பிஸ்டன் தலையில் ஓட்டை விழும் வரைக்கும் போகும். அப்படி உருகிய பிஸ்டன் ஒன்றைச் சாம்பல் கிண்ணம் மாதிரி மேஜையில் வைத்திருந்தார்.

நான் எழுத்தில் இருபது வருஷமாக 'சோர்வு' என்ற சொல்லை வஞ்சனையில்லாமல் செலவழித்து வந்திருக்கிறேன். 'என்ன சோர்வு?' என்று விமரிசகர்கள்கூடக் கேட்டதில்லை.

மறுபடி போய் வந்து, "விக்குகிறது. அரைக்கால் முறுக்கில். இருமல் இல்லை" என்றேன். சோக் லீவரைப் பாதி தூக்கிவிட்டு மறுபடி முறுக்கச் சொன்னார். சோக் போட்டால் பெட்ரோல் கூடும். விக்கல் காணாமல் போயிற்று. "காத்து தூக்கல்தான். ஸ்லோ ஜெட்டைச் சுத்தமா ஊதியாச்சு. அப்ப காத்து எங்கேருந்தோ திருட்டுத்தனமா வருது" என்று, எஞ்சினை ஓடவிட்டு, ஆயிலைப் பிரஷ்ஷில் தொட்டுக் கார்புரேட்டரும் எஞ்சினும் சேருகிற இணைப்பைச் சுற்றித் தடவினார். ஏறி இறங்கித் துடித்துக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நிதானப்பட்டது. நான் சொல்வதற்கு முன்பே, சைலன்சர் வாய்க்கு நேராக நீட்டியிருந்த அவருடைய இடது கை அதைத் தெரிந்துகொண்டுவிட்டது. இணைப்பில் இருந்த பாக்கிங் கல்லாக இறுகி வெடித்திருந்தது. முப்பது வருஷச் சூடு. புதிது போட்டார். விலை, நான் அங்கே குடித்த இரண்டு டீயை விடச் சற்று அதிகம்.

அதோடு விடவில்லை. மற்றதையும் சரிபார்க்க வேண்டும் என்றார். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. இங்கிலாந்தில் 1927-ல் மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் ஒன்றாக இணைந்து அமல் என்ற பெயரில் நடந்தன. 'இணைந்தது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் அது, நம் வீட்டுத் தீர்மானத்தின் அமல் அல்ல. பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் அவர்களுடைய கார்புரேட்டர்தான். அவர்கள் வகுத்த வரிசை விசித்திரமாக இருக்கும்: முதலில் மெயின் ஜெட், அதாவது கடைசிக் கட்டம், பிறகு ஸ்லோ ஜெட், பிறகு ஸ்லைடின் வெட்டு, பிறகு ஊசி, முடிவில் மறுபடியும் ஸ்லோ ஜெட்டின் திருகாணி. பாய் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. அவர் கற்றுக்கொண்டவரும் பார்த்திருக்க மாட்டார். வரிசை மட்டும் பிசகாமல் அப்படியே இருந்தது.

மெயின் ஜெட்டுக்குச் சோதனை: முழுக்க முறுக்கி ஓட்டும்போது இம்மி குறைத்துப் பார்க்க வேண்டும். குறைத்ததும் வண்டி இன்னும் துடிப்பாகப் போனால், ஜெட் சிறிது. அது முடிந்து, ஓடும் ஓட்டத்திலேயே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து, ஓரமாக நிறுத்தி ப்ளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கண்மை போலக் கறுத்திருந்தால் பெட்ரோல் தூக்கல். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் காற்று தூக்கல், உடனே கவனிக்க வேண்டும். கொட்டைப்பாக்கு நிறம் இருந்தால் உத்தமம். என் ப்ளக் பாக்கு நிறத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருந்தது. பாய் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வைர வியாபாரி தோற்றான்.

கடைசியில் ஸ்லோ ஜெட்டின் காற்றுத் திருகாணி. உள்ளே திருகினால் காற்று குறையும். வெளியே எடுத்தால் கூடும். மெதுவாக முட்டும் வரை மூடி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்றுத் திறப்பது பொதுவான கணக்கு. ஆனால் ஒன்றரை என்பது கிளம்பும் இடம்தான். அங்கிருந்து கால் கால் சுற்றாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி, எஞ்சின் எங்கே தானாக வேகம் எடுத்துச் சீராக ஓடுகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். வேகம் கூடுவது மிக நுட்பமான மாறுதல். ஆர்மோனியத்தில் சுருதி சேர்க்கிற மாதிரி.

"ஏறும்போது சொல்லுங்க" என்றார் பாய், ஸ்க்ரூடிரைவரை வைத்தபடி.

சோதிக்கிறார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. உரக்க, வெகுநேரம். எடுக்கவில்லை. பட்டறைப் பையன் வந்து பையைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் எடுத்துப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"வலது காது போயி ஆறு வருஷம் ஆச்சு. இடது இப்பப் போயிட்டிருக்கு. நாப்பத்தஞ்சு வருஷம் சைலன்சர் பக்கத்துலயே இருந்தாச்சுல்ல" என்றார், திருகாணியிலிருந்து கையை எடுக்காமலே. "மகன் காதுக்கு மெஷின் வாங்கிக் குடுத்தான். அதைப் போட்டா எல்லாச் சத்தமும் ஒரே சத்தமா வருது சார். ஸ்பேனர் விழறதும் எஞ்சின் ஓடுறதும் ஒண்ணுதான்."

"மற்றவர்களுக்குத் தெரியுமா?"

"காது கேக்காத மெக்கானிக்குகிட்ட எவன் சார் வண்டி விடுவான்?"

நான் சொன்னேன்: இப்போது ஏறுகிறது, இன்னும், நில்லுங்கள், இறங்கிவிட்டது, கொஞ்சம் பின்னால். அவர் உள்ளங்கை டாங்கின் மேல் இருந்தது. ஒன்றரைக்கு மேல் ஒரு அரைக்கால் சுற்றில் வந்து நின்றோம். எனக்கு நெற்றி வியர்த்துவிட்டது. நாவலின் கடைசி அத்தியாயம் எழுதும்போதுகூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

அவர் மகன் ஒரு கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் வேலை பார்க்கிறார். அங்கே இந்தக் கவலையெல்லாம் கிடையாது. 2020 ஏப்ரல் 1-ந் தேதி பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்ததோடு, புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டர் வருவது ஏறக்குறைய நின்றுபோயிற்று. இப்போது கணினி ஒன்று கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. புகைக் குழாயில் ஆக்ஸிஜன் உணரி என்று ஒரு கருவி நின்று, எரிந்த காற்றில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிறது. அதைக் கேட்டு அடுத்த மூச்சைத் திருத்திக்கொள்கிறது கணினி. பழைய ஆசாமிகள் சிலர் இதைத் திட்டித் தீர்க்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஊர்க் காற்றுக்கு அது நல்லது. என் வண்டி விடும் புகைக்கு நான் வக்காலத்து வாங்க முடியாது.

கார்புரேட்டருக்குத் தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரியாது என்பதை மலை ஏறினால் பார்க்கலாம். டிசம்பரில் கொடைக்கானல் போனேன். வத்தலக்குண்டு வரை வண்டி தேர் மாதிரி வந்தது. டம்டம் பாறை, ஊத்து என்று ஏற ஏறக் குரல் கொஞ்சம் கம்மிற்று. பெருமாள்மலை தாண்டியதும் மூச்சுமுட்டல், சந்தேகமில்லை. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் காற்று அந்த அளவுக்கு மெலிந்துவிடுகிறது. பெட்ரோலோ அதே விகிதத்தில் குறைவதில்லை. கணக்குப்படி கலவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெட்ரோல் தூக்கலாகிவிடும். அங்கேயே குடியிருக்கிறவர்கள் ஊசியை ஒரு வெட்டுக் கீழே இறக்கி, சிறிய ஜெட் போட்டுக்கொள்ளலாம். நான் பாய்க்குப் போன் செய்து கேட்கலாமா என்று நினைத்து, செய்வதில் பிரயோஜனம் இல்லை என்று நினைவு வந்து, பையனுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: "எதையும் தொட வேண்டாம். மலைக்கு வைத்தியம் பண்ணிவிட்டு இறங்கினால் கீழே பிஸ்டன் போய்விடும் என்று பாய் சொல்கிறார்." தொடவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தொண்டை தெளிந்துகொண்டே வந்தது. காட்ரோட்டுக்கு வந்தபோது பழைய குரல்.

மலையை விட்டு இறங்கிவிடலாம். பெட்ரோலே மாறினால் என்ன செய்வது? 2025-ல் நம் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எத்தனாலில் ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் 14.7 என்ற அந்தப் புண்ணிய எண் ஏறக்குறைய 13.5-க்கு இறங்கிவிடுகிறது. அதாவது, நேற்றுக் கச்சிதமாக இருந்த ஜெட் இன்று ஒரு சுற்றுச் சிறிது. கணினி வண்டி இதைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும். எத்தனால் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். வாரக் கணக்கில் வண்டியை நிறுத்தினால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கிண்ணம் காலியாகித் தானாக அணையும் வரை ஓடவிட்டு நிறுத்துவது நல்லது. இதை மட்டும் என் வீட்டில்கூட ஏற்றுக்கொண்டார்கள், வண்டியை வாரக் கணக்கில் நிறுத்துவது என்ற பகுதிக்காக.

பிப்ரவரியில் மறுபடி பாயிடம் போனபோது, ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, வார்த்தைகளை எழுதித் தரச் சொன்னார். எட்டில் ஒன்று, கால், அரை, முக்கால், முழுசு என்று பக்கம் பிரித்து, ஒவ்வொன்றிலும் வண்டி என்ன மாதிரி நடந்துகொண்டால் என்ன பெயர் என்று. பையனுக்குப் பதினேழு வயது. கை சுத்தம், காதும் நன்றாக இருக்கிறது, சொல்லத்தான் வரவில்லை. எல்லாவற்றுக்கும் 'மக்கர் பண்ணுது' என்கிறான். இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினோம். விக்கல், இருமல், மூச்சுமுட்டல் தவிர, முனகல், இழுவை, தும்மல், உதறல் என்று ஏழு தேறிற்று. "சங்கதியை எழுதிக்கங்க, புத்தகத்துல போட்டுக்கங்க, பேரு மட்டும் வேணாம்" என்று பாய் உத்தரவு கொடுத்ததும் அப்போதுதான்.

போன வாரம் அங்கே இருந்தபோது ஒரு பால்காரரின் மோட்டார் சைக்கிள் வந்தது. பையன் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். நோட்டைப் புரட்டினான். பாய் முகத்துக்கு நேரே வந்து நின்றுகொண்டு, உதடு தெரியும்படி நிதானமாகச் சொன்னான்:

"இதுல இருக்கறது எதுவும் இல்லை பாய். நாலு கிலோமீட்டர் நல்லாப் போகுது. அப்புறம் தேம்புது. நிறுத்தி மூடியைத் தொறந்து பெட்ரோல் இருக்கான்னு பாத்தேன், இருக்கு. மறுபடி எடுத்தா நல்லாப் போகுது. திருப்பியும் நாலு கிலோமீட்டர்ல தேம்புது."

"தேம்புதா?"

"அழுதுட்டு நிறுத்துன புள்ள மாதிரி. விட்டு விட்டு."

பாய் கார்புரேட்டர் பக்கமே போகவில்லை. டாங்க் மூடியைக் கழற்றி, அதில் காற்றுப் போவதற்கு இருக்கும் ஊசித் துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பாலும் புழுதியும் சேர்ந்து அடைத்திருந்தது. அது அடைத்தால் மேலிருந்து காற்று புகாது, பெட்ரோல் கீழே இறங்காது, கிண்ணம் வற்றும், மூடியைத் திறந்தால் சரியாகும். வாயில் வைத்து ஊதி, துணியால் துடைத்து, மறுபடி போட்டார். பால்காரரிடம் காசு வாங்கவில்லை.

பையன் நோட்டை எடுத்து, ஏழாவதற்குக் கீழே 'தேம்பல்' என்று எழுதி, எதிரே 'மூடி' என்று எழுதிக்கொண்டிருந்தான்.